சந்துப் பக்கக் குழாய்

நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் இந்த மேசையின் இழுப்பறை சரியாக மூடவில்லை. வலது பக்கம் இடிக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதும். இதைச் செய்தவர் அதற்கு இடம் விடவில்லை. ஓர் இழைப்புளியும் மெழுகுத் துண்டும் இருந்தால் நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சரிசெய்துவிடுவேன். இழைப்புளியை இப்போது என் கையில் தரமாட்டீர்கள் என்று தெரியும். பார்த்தது மனதை உறுத்தியது, சொன்னேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எங்கள் வீட்டில் எனக்குப் பேசாதவன் என்று பேர், அதனால் எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவன். கடையின் பின்புறம் எனக்கென்று ஒரு சிறிய அறை, ஒரு சாணை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் பறந்தாலும் லென்ஸில் கீறல் விழும். அந்தக் கீறலை வாங்கிப் போகிறவர் ஆயுசு முழுக்க அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே தூசி விஷயத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பவன். இது பெருமைக்காகச் சொல்வதல்ல. என்னைக் கவனமில்லாதவன் என்று உங்கள் ஆட்களில் ஒருவர் சொன்னார். அது தவறு. கவனமில்லாமல் நான் எதையும் செய்ததில்லை.

வீடு அப்பா விட்டுப்போனது. கீழே நானும் என் மனைவியும், மாடியில் அண்ணனும் அண்ணியும். கீழ்த்தளத்தின் பின்பக்கம் அப்பா காருக்கென்று ஒரு ஷெட் கட்டினார். கார் கடைசிவரை வரவில்லை. அதன் தலைக்கு மேலே மாடியின் பின்னறை. பக்கத்து வீட்டு மதிலுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உடம்பைத் திருப்பி நடக்கும் அளவுக்கு ஒரு சந்து. பின்னறையின் ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். அது ஒன்றுதான் அந்த அறைக்கு ஜன்னல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததாக இருக்கக் கூடாது.

அண்ணன் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுபவர். காலையில் ஒரு தடவை, பிற்பகல் படகுகள் வந்ததும் ஒரு தடவை. நீங்கள் அவருடைய குரலைக் கேட்டிருப்பீர்கள். இப்போது கேட்டதல்ல, முன்பு இருந்த குரலை. அவர் வாயைத் திறந்தால் கூடமே அடங்கும். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு வேண்டுமென்றாலும் ஊருக்கே அறிவிப்பார். எங்கள் அப்பாவின் பிள்ளைகளில் பேச்சு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டதால் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு 'ஊமை' என்று பேர் வைத்தவரும் அவர்தான். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எனக்குத் தலை நரைத்த நாள்வரை அந்தப் பேரை விடவில்லை. என் கல்யாணத்தன்று பெண் வீட்டார் முன்னால் சொன்னார். என் கடை முதலாளி முன்னால் சொன்னார். பிறர் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். அரைத்த மாவையே அரைக்கிற மனிதர், விட்டுத்தள்ளு என்று என் மனைவி சொல்வாள். விட்டுத்தள்ளினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு அரும்புமீசைகூட வரவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவார். மருந்துக்கடைக்கு ஓடுகிறவன் நான். திரும்பி வந்து கொடுத்ததும், மூச்சு கொஞ்சம் இறங்கியவுடன், என் கன்னத்தைத் தட்டுவார். பேச்சு வராது. நான் மரவேலை தொடங்கி முதன்முதலாகச் செய்தது அவருக்கு ஒரு முக்காலி. ஒரு கால் குட்டை. அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, 'நல்லா இருக்கு தம்பி' என்றார். என் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அந்த வீட்டில் சொன்னது அவர் மட்டும்தான்.

கடையில் எனக்குக் காலை வேளை மட்டும் என்று ஆனபோது ஷெட்டைப் பட்டறையாக்கினேன். ஒரு மேசை ரம்பம், ஓர் இழைப்பு மெஷின், ஒரு தேய்ப்பு மெஷின். ஆரம்பத்தில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்தேன். தூசி எங்கும் போனது. மாடியில் காய்ந்த துணி, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம். அண்ணன் சத்தம் போட்டார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் என்னிடம் வந்து சொல்லவில்லை. மாடி விளிம்பில் நின்று, தெரு கேட்கச் சொன்னார். 'ஊமை ஊருக்கே மாவு அரைக்கிறான், பாத்திரம் எடுத்துட்டு வாங்க' என்றார். எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

சரியான முறையில் தூசியை உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்வது என்று முடிவெடுத்தேன்.

இது தெரியாதவர்களுக்குத் தூசி என்றால் எல்லாம் ஒன்றுதான். சீவல் தூசியே அல்ல, அது குப்பை, பெருக்கினால் போகும். ரம்பத்தூள் கீழே படியும், காலில் ஒட்டும், அதற்கும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தேய்ப்பு மெஷினிலிருந்து வருகிற மாவு. அது விழாது. மெஷினை நிறுத்திவிட்டுக் கை கழுவிச் சாப்பிட்டுத் திரும்பி வந்தாலும் அதே இடத்தில் மிதந்துகொண்டிருக்கும். மூக்கில் தங்காது, தொண்டையில் தங்காது, நேரே நெஞ்சின் அடிவரை போகும். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும். முதன்முதலாக அப்படிப் பிடித்துப் பார்த்தபோது, இதையா இத்தனை நாளும் மூச்சாக இழுத்தோம் என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஓர் ஆண்டுக்கு மேல் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். மூலையில் காற்றை இழுக்கிற பெரிய புளோயர். கூரையை ஒட்டித் தொடை பருமனுக்குக் குழாய். ஒல்லிக் குழாய் விசிலடிக்குமே தவிர இழுக்காது. வளைவுகள் மிகக் குறைவு, ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்றுவிடும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அடைப்புத் தகடு, வேலை செய்கிற மெஷினுக்கு மட்டும் திறந்துகொள்வேன். காற்று முதலில் ஒரு கூம்புக்குள் போய்ச் சுழலும். கனமான தூள் எல்லாம் அங்கே கீழே இருக்கும் பீப்பாயில் விழுந்துவிடும். மிஞ்சிய மாவு, தூண் உயரத்துக்கு நிற்கும் மடிப்பு மடிப்பான ஒரு காகித ஃபில்டரில் நிற்கும். அதிலிருந்து வெளியே வருவது சுத்தமான காற்று. டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் எதிர்ச்சுவரில் போய் விழுந்தது, நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள். நானே மாடிக்குப் போய், 'அண்ணே, இனிமே தூசி வராது. ஒரு தடவை வந்து பாருங்க' என்றேன். நான் பேசியதே அவருக்கு ஆச்சரியம். மறுநாள் வந்தார், தனியாக அல்ல. ஏலக்கூடத்து ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் நின்று குழாய்களை அண்ணாந்து பார்த்தார்.

'என்னடா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு? ஒரு ஊமைக்கு எத்தனை குழாய் சொருகியிருக்காங்க பாருங்கப்பா' என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் புளோயரைப் போடுவதற்காகச் சுவிட்சில் கை வைத்தேன். போடவில்லை, கைதான் வைத்தேன். அதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். குனிந்தார், நிமிர்ந்தார், ஒருவர் தோளில் சாய்ந்தார், 'செத்தேன், செத்தேன்' என்றார். அவர்கள் சிரித்த சிரிப்பில் குழாய்த் தகடு அதிர்ந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மெஷின் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. மூக்குக்கு மேல் வந்து அரை மணியில் போகிற கோபத்தை நான் சொல்லவில்லை. இது வந்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இப்போதும் இருக்கிறது. இந்த அறையிலும் இருக்கிறது.

அதற்குப் பிறகும் அவர் மாடியிலிருந்து இருமுவது நிற்கவில்லை. நான் வேலை செய்யும் நேரத்தில் பின்னறையில் படுத்திருந்தால் ஒரு தடியால் தரையில் 'டம் டம்' என்று இடிப்பார், பிறகு இருமுவார். நடிப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நான் நியாயமானவன். சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் மரம் எதையும் தொடாமல் வெறும் புளோயரை மட்டும் ஓடவிட்டேன். மாடியில் இருமல் கேட்டது. போதுமல்லவா? சத்தத்தைக் கேட்டு இருமுகிறாரே தவிர, தூசியால் அல்ல. இந்த வேலை தெரிந்த ஒருவர், 'புளோயர் போட்டதும் ஃபில்டர் மடிப்பில் நின்ற பழைய மாவு உதிர்ந்து கதவிடுக்கு வழியாக மேலே போயிருக்கும்' என்று உங்களிடம் சொல்லக்கூடும். அது சரிதான். எனக்கும் தெரியும். அன்றைக்கு அதை நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஃபில்டருக்கு ஒரு குணம் உண்டு. அது நிரம்ப நிரம்ப இழுவை குறையும். தட்டித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அதைவிடச் சுலபம், ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டுவிடுவது. ஷெட்டுக்குள் காற்று இன்னும் சுத்தமாக இருக்கும். பல பேர் அப்படிச் செய்கிறார்கள். சுற்றிலும் ஆளில்லாத வெட்டவெளி இருந்தால் தவறும் இல்லை. எனக்கு வெட்டவெளி இல்லை, சந்து இருந்தது. ஃபில்டரைக் கழற்றி மூலையில் சாத்தினேன். சுவரில் வட்டமாக ஓட்டை போட்டுக் குழாயைச் சந்துக்குள் விட்டேன். அன்றைக்கு நிறையத் தேய்த்தேன். மாடியில் யாரும் தரையை இடிக்கவில்லை. ஓர் இருமல்கூட இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

தூசி இல்லாதபோது இருமியவர், தூசியை மூக்குக்கு நேரே விட்டபோது இருமவில்லை. எந்த நீதிமன்றத்திலும் இது செல்லும். அந்த வாரம் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததாக என் மனைவி சொன்னாள்.

அவள்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். 'உங்க அண்ணன் இப்ப பின்னறையில படுக்கறதில்ல. புகையுதுன்னு முன்னறைக்குப் போயிட்டாராம். அக்கா தையல் மெஷினைத் தூக்கிப் பின்னறையில போட்டுட்டாங்க. ஜன்னலோரம் வெளிச்சம் நல்லா இருக்காம்.'

'எப்ப மாத்தினாங்க?' என்று கேட்டேன்.

'பத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு. ஏன்?'

'சும்மாதான்' என்றேன்.

அண்ணி அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பார். பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து தைப்பார். நான் மெஷின் ஓட்டுவதும் பிற்பகலில்தான். உங்கள் கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும்: அன்றைக்கே ஏன் ஃபில்டரை மாட்டவில்லை? நானும் அதை யோசித்தேன். மாட்டினால், அண்ணன் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அண்ணியோ ஒன்றும் சொல்லவில்லை. கஷ்டமாக இருந்தால் சொல்லியிருப்பார். நமக்கு வாய் இருப்பது எதற்கு?

பிறகு அவரும் சொன்னார். அண்ணன் ஏலத்துக்குப் போன பிறகு, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கி வந்தார். ஷெட் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் புளோயரை நிறுத்தினேன்.

'எவ்வளவு சுத்தமா வச்சிருக்கே தம்பி' என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். 'அந்தச் சந்துப் பக்கக் குழாயை மட்டும் கொஞ்சம் திருப்பி வைக்கிறியா? தைக்கிற துணியெல்லாம் மாவா படியுது. எனக்கும் கொஞ்சம் இழுக்குது.'

'அண்ணன் சொல்லி அனுப்பினாரா?' என்றேன்.

'ஐயோ, அவருக்கு நான் வந்ததே தெரியாது. சொன்னா தாம்தூம்னு குதிப்பாரு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எதுக்கு இன்னொரு சண்டை? நான் சொல்லவே இல்ல.'

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்போது என் காதில் விழுந்தது அண்ணனுடைய குரல்தான். நேரே வந்து கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, மனைவியை அனுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

'செய்யறேன் அண்ணி' என்றேன்.

'நீ சொன்னா செய்வே' என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். ஏறுவதற்கு இறங்கியதைவிட நேரமானது. நான் கீழே நின்று பார்த்தேன்.

சொன்னபடி குழாயைத் திருப்பினேன். இதில் பொய் கிடையாது. மறுநாளே கடைக்குப் போய் ஒரு வளைவு வாங்கி வந்தேன். சந்தில் கிடைமட்டமாக இருந்த குழாயின் காற்று எதிர்மதிலில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது, அதனால் இழுவை கெட்டது. வளைவைப் போட்டு மேல்நோக்கி நிறுத்தினேன். புகைபோக்கி மாதிரி. மேலே நல்ல ஓட்டம் கிடைத்தது. குழாயின் வாய் ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே நின்றது. இன்னொரு துண்டுக் குழாய் போட்டிருந்தால் ஜன்னலைத் தாண்டிக் கூரைக்கு மேலே போயிருக்கும். அந்தத் துண்டு என்னிடம் இருந்தது. ஷெட்டில் சாத்தி வைத்திருந்தேன், நீங்களே பார்த்தீர்கள்.

ஏன் போடவில்லை என்பதை இப்போது தெளிவாகவே எழுதுகிறேன். அண்ணன் இறங்கி வர வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் வர வேண்டும், தனியாக வர வேண்டும், மெஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டும், 'தம்பி, நல்லா செஞ்சிருக்கே. மேல கொஞ்சம் கஷ்டமா இருக்கு, பாத்துக்கோ' என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்ன நிமிஷத்தில் அந்தத் துண்டை ஏற்றியிருப்பேன். இது அளவுக்கு மீறிய ஆசையா? வாய் வலிக்காமல் பகலெல்லாம் கூவுகிற மனிதருக்கு இது ஒரு மூச்சு. அண்ணிக்கு முடியாமல் போகப் போக, அவர் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அண்ணி அவரிடம் சொல்லவே இல்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் சண்டை வரக் கூடாது என்று, டாக்டரிடம்கூட அண்ணி தைக்கிற துணியின் பஞ்சுத்தூசி என்றுதான் சொன்னாராம். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சிவப்பு மரத்தைப் பற்றியும் கேட்டீர்கள். மரக்கடைக்காரர் கொடுக்கும்போதே எச்சரித்தார். 'வாசனை நல்லா இருக்கும் சார், ஆனா இதோட தூள் சில பேருக்கு நெஞ்சைப் பிடிக்கும். நம்ம ஆள் ஒருத்தன் இதை அறுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். முகமூடி போட்டுக்கங்க' என்றார். எங்கள் பட்டறையில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது என்று அவரிடம் சொன்னேன். சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கடைசி நாள் பிற்பகல். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் ஏலத்துக்குக் கிளம்பிப் போவதை ஷெட் கதவிலிருந்து பார்த்தேன்; தெருமுனைவரை யாருடனோ கத்திப் பேசிக்கொண்டே போனார். சிவப்பு மரத்தில் ஒரு பெரிய பலகையைத் தேய்க்க எடுத்தேன். மேலே தையல் மெஷின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

காதடைப்பான் போட்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடம் முதல்நாள் சொன்னேன். அது உண்மையல்ல. காதடைப்பான் ஆணியில் தொங்கியது. தேய்ப்பு மெஷினை ஒரு பக்கம் முடித்துத் தூக்கும்போது சத்தம் குறையும். அப்படிக் குறைந்தபோது தலைக்கு மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் தட்டினால் தடியால் இடிப்பார், கூரையே இறங்கும். இது சின்னச் சத்தம். கத்தரிக்கோலின் பிடியால் தரையில் தட்டுவதுபோல. ஆமாம், அண்ணியின் கையருகே கிடந்தது என்று நீங்கள் சொன்ன அதே கத்தரிக்கோல்தான். கூப்பிடும் சத்தம் எதுவும் வரவில்லை. இளைப்பு ஏறிவிட்டால் கூப்பிட முடியாது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் முடியும், அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

யார் தட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். அவருடைய இன்ஹேலர் முன்னறை அலமாரியில் இருக்கும் என்பதும் தெரியும். மாடிக்கு ஏற அரை நிமிஷம் ஆகாது.

போனால் புளோயரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்தினால், அன்றிரவு அண்ணி நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், அண்ணன் மாடி விளிம்பில் வந்து நிற்பார், ஊமையின் மெஷின் என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தது என்று தெருவுக்கே ஏலம் போடுவார், எதிர்வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். இதெல்லாம் ஒரே சமயத்தில் என் கண்முன் வந்தது. பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு வரவில்லை. பலகையை முடித்தேன். புளோயரை நிறுத்தினேன். ஷெட்டைப் பூட்டிக்கொண்டு முகம் கழுவப் போனேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், விபத்தல்ல. அறியாமையும் அல்ல. அண்ணியைக் கொன்றது நான்தான். அவர் மேல் எனக்கு ஒரு பொட்டுக் கோபமும் கிடையாது, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். அதற்குள் குழாயை உள்ளே இழுத்து, ஃபில்டரை மாட்டி, சுவர் ஓட்டையைப் பலகையால் மூடியிருந்தேன். அவருக்குக் குரல் போயிருந்தது. நிற்க முடியாமல், இழைப்பு மெஷினுக்கு இறங்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

'அவ கூப்பிட்டாளாடா? உனக்கு ஏதாவது கேட்டுதா?' என்றார்.

'இல்லண்ணே. மெஷின் ஓடிட்டு இருந்தது' என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். 'கேட்டிருந்தா நீ ஓடியிருப்பே. எனக்குத் தெரியும். சின்னதுல இருந்து அவளுக்காக ஓடினவன் நீதான்' என்றார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அழுதார்.

அவ்வளவு நேரமும் அந்தக் குழாயைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது.